பாதித் தூக்கு

தொங்குகிற பித்தளைத் தூக்குப் பாத்திரத்தின் அடியில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு, "வாய்மடை தொறந்தாச்சா?" என்று கண்மாய்த் தண்ணீருக்கு முறை பார்க்கிற அய்யாக்கண்ணு கூவுகிறார். தூரத்துத் தோட்டத்து வாய்க்கால் திறப்பிலிருந்து "தொறந்தாச்சுண்ணே!" என்று பதில் வந்த பிறகுதான் விரல் நகர்கிறது. ஊசித் துளை வழியே தண்ணீர் நூல் பிடித்தாற்போல இறங்குகிறது. தூக்கு காலியாகிறவரை கண்மாய்த் தண்ணீர் அந்தத் தோட்டத்துக்கு. காலியானதும் அடுத்த தோட்டத்துக்கு.

அரிமளத்துக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் என் தங்கையைக் கொடுத்திருக்கிறோம். கோடைக்குக் கோடை போய் வருகிறேன். சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்து பத்து வருஷம் ஆகப்போகிறது. கண்மாய் முறைக்கு இன்னமும் இந்தப் பித்தளைத் தூக்குதான். "ஒரு நல்ல கடிகாரமாக வாங்கிவிடலாமே?" என்று ஒரு தடவை கேட்டுவைத்தேன். "கடிகாரம் கட்டுனவன் கைக்குள்ள இருக்கும். தூக்கு எல்லாரு கண்ணுக்கும் முன்னால தொங்குதுல்லங்க?" என்றார்.

துளையில் தூசி அடைக்கக் கூடாதென்று தண்ணீரை வேட்டி நுனியில் வடிகட்டித்தான் ஊற்றுவார். முறை நடக்கும்போது யார் நீட்டிய வெற்றிலையையும் தொடமாட்டார். சொந்த மைத்துனனே பேச வந்தாலும் "அங்கிட்டு போயி நில்லுப்பா" தான். "ஊசிமொனை பிசகாது" என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார். அதைக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிக்கொள்கிறார் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு பங்குக்கு ஒரு தூக்கு. பங்கு பிரிந்தால் அரைத் தூக்கு. மூக்கனும் அவன் அண்ணனும் பாகம் பிரிந்தபோது, அய்யாக்கண்ணு ஓர் ஈர்க்கைத் தூக்குக்குள் விட்டு அளந்து, இரண்டாக மடித்து, நட்டநடுவில் ஆணியால் கோடு கிழித்தார். மூத்தவனுக்கு மரியாதையாக மேல்பாதி. கோட்டுக்குக் கீழே கிடக்கும் மிச்சம் இளையவன் மூக்கனுக்கு. பிறகு அண்ணன் இறந்துபோக, அந்த மேல்பாதி அவன் மனைவி அழகம்மாளுக்கு வந்து சேர்ந்தது.

மூன்று கோடையாக அவளுடைய கத்திரி கருகுகிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் மூக்கன் கத்திரி தளதளவென்று நிற்கிறது. இத்தனைக்கும் ஒரே மண், ஒரே நாற்று. பொம்பளை வெள்ளாமை இப்படித்தான் இருக்கும் என்று ஊர் சிரித்தது. நிலத்தைத் தன்னிடம் விட்டுவிடச் சொல்லி மூக்கன் நெருக்க ஆரம்பித்திருந்தான். இந்தக் கோடையும் காய்ந்தால் அவளுக்கு வேறு வழியில்லை.

போன வாரம் முறை நடந்தபோது நானும் அங்கே இருந்தேன். அழகம்மாள் தூக்குக்கு எதிரே வந்து நின்றாள்.

"அண்ணே, மேல்பாதி ஓடுது, கீழ்ப்பாதி நகருது. இன்னைக்கு எனக்குக் கீழ்ப்பாதியக் குடுங்க."

"பாதின்னா பாதிதானே ஆத்தா! ஈர்க்க மடிச்சுப் போட்ட கோடுல்ல அது?"

அய்யாக்கண்ணுவின் முகம் சிவந்துவிட்டது. மூக்கனுக்கோ பெருமை தாங்கவில்லை. "மதினியாக் குடுக்குற மரியாதைய நா எதுக்கு வேணாங்கணும்?" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். எனக்கும் அவள் பேச்சு அசட்டுப் பிடிவாதமாகவே பட்டது.

மேல்பாதி மூக்கன் தோட்டத்துக்கு ஓடியது. தண்ணீர் கோட்டைத் தொட்டதும் முறை அழகம்மாளுக்கு மாறியது. கொஞ்ச நேரத்தில் மூக்கன் சேறு தெறிக்க ஓடிவந்தான்.

"என் தோட்டத்துல பாதிகூட நனையலை! தூக்குல என்னமோ பண்ணிட்டீங்க!"

அய்யாக்கண்ணு குனிந்து துளையைப் பார்த்தார். அடைப்பு ஒன்றும் இல்லை. இத்தனை வருஷமாகக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர், அன்றைக்குத்தான் துளையைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். நிறைந்திருந்தபோது விசையாக இறங்கிய தண்ணீர் இப்போது இளைத்து, கடைசியில் சொட்டுச் சொட்டாகிவிட்டது. மேலே கனம் இருக்கிறவரை தண்ணீரை நெட்டித் தள்ளுகிறது. கனம் குறையக் குறைய வேகமும் குறைகிறது. கீழ்ப்பாதி வடிய, மேல்பாதியைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே நேரம் பிடித்தது.

"அப்ப, பாதிங்கறது எங்கதான் இருக்கு?" என்றார் அய்யாக்கண்ணு. எங்கள் யாரையும் பார்த்து அவர் அதைக் கேட்கவில்லை.

"எனக்கென்னண்ணே தெரியும்? கோட்டுக்குக் கீழ எங்கிட்டாவது இருக்கும்" என்றாள் அழகம்மாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. அதனாலேயே எனக்குக் கேட்கச் சங்கடமாக இருந்தது. (அப்புறம் தங்கை வீட்டில் ஒரு தூக்கில் துளை போட்டுக் கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டேன். மேலே உள்ள முக்கால் தூக்கு வடிகிற நேரமும் அடியிலுள்ள கால் தூக்கு வடிகிற நேரமும் ஒன்றாக இருக்கின்றன. தங்கைக்கு என்மேல் இன்னும் கோபம்.)

கீழ்ப்பாதி முழுவதும் பாய்ந்தும் அழகம்மாள் தோட்டத்தின் கடைசிப் பாத்திகள் வெளுத்துத்தான் கிடந்தன. மூன்று கோடையாகக் காய்ந்த மண். அவள் வாய்மடையை அடைத்து, அய்யாக்கண்ணுவின் வாய்மடையைத் திறந்தார்கள்; அடுத்த முறை அவருடையது. அவருடைய மிளகாய் பூவெடுத்து நிற்கிறது; இந்தத் தண்ணீர் தவறினால் பூ கொட்டிவிடும்.

"மொறை ஒங்களுதுண்ணே" என்று மூக்கன் ஞாபகப்படுத்தினான்.

அவர் வடிகட்டி வடிகட்டித் தூக்கை விளிம்புவரை நிரப்பினார். மூக்கன் கையைப் பிடித்து இழுத்து, அவன் விரலையே துளையில் வைத்து அடைத்தார். பிறகு வாய்க்காலில் இறங்கினார். தம்முடைய வாய்மடையைக் காலால் மண் தள்ளி மூடினார். நாலு எட்டு நடந்து, அழகம்மாளின் வாய்மடையை மண்வெட்டியால் ஒரே வெட்டாக வெட்டித் திறந்துவிட்டு, விரலை எடுக்கச் சொல்லி மூக்கனுக்குக் கையைக் காட்டினார்.