மயில்சாமியும் ஜெர்மனிப் புரோகிராமும்

எங்கள் பனியன் கம்பெனியில் புதிதாக எந்த மிஷின் வந்தாலும் அது மயில்சாமி தலையில்தான் விழும். டெலக்ஸ் வந்தபோது அவர், ஃபேக்ஸ் வந்தபோது அவர், கம்ப்யூட்டர் வந்தபோதும் அவரே. "உங்களுக்குத்தான் பொறுமை இருக்குதுங்க" என்பார் முதலாளி பொங்கியண்ணன். அது பொறுமை அல்ல, அலுப்பு. வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பில்லாத அலுப்பு. பக்கத்து மேசையில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பார்த்தவன் நான்.

அவர் குடும்பம் மூலனூரில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்வருவார்.

தொண்ணூற்றொன்பதில், எங்களிடம் சரக்கு வாங்கும் ஜெர்மனி பையர் ஒரு புது ஏற்பாடு செய்தான். ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் என்ன சைஸ், என்ன கலர் என்று அவன் அனுப்பும் புரோகிராமில் நிரப்பித் தர வேண்டும். நிரப்பி அனுப்பாமல் சரக்கு லாரி ஏறக்கூடாது. அந்தப் புரோகிராம் நம் கம்ப்யூட்டரில் கிடையாது. போன் லைனைப் போட்டால் அவன் ஊர் சர்வரிலிருந்து இறங்கி வரும். வந்தபின் நம் மிஷினில்தான் ஓடும். கம்ப்யூட்டர் மாட்டியவர் அதை அழகாகச் சொன்னார்: "கல்யாணச் சமையல்காரர் மாதிரிங்க. ஆளு அவங்க ஊரு, அடுப்பும் வெறகும் நம்முளுது. வந்து சேர்ந்துட்டா லைனைக் கட் பண்ணிருங்க, அதுபாட்டுக்கு ஓடும். முடிச்சு அனுப்பறப்போ மறுக்கா லைன் போட்டாப் போதும். ஆனா மிஷினை ஆஃப் பண்ணீட்டா ஆளும் இல்லை, ஆக்குன சோறும் இல்லை."

ஆபீசுக்கு இருந்தது ஒரே போன்; லைன் போட்டிருக்கும்வரை வெளியிலிருந்து யாரும் கூப்பிட முடியாது. அதனால் புரோகிராம் வந்ததும் மயில்சாமி லைனைக் கட் செய்துவிடுவார்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்த பிறகுதான் ஆயுத பூஜை வந்தது. அன்று மத்தியானம் மூலனூரில் அவர் மகள் செல்வநாயகிக்கு நிச்சயம். அப்பன்காரன் கையால் தட்டு மாற்ற வேண்டும். அதே நாளில் ஜெர்மனிச் சரக்கும் கிளம்ப வேண்டியிருந்தது. விடியும் முன்பே வந்து உட்கார்ந்து எல்லாப் பெட்டியையும் நிரப்பிவிட்டார். லைன் போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. முகம் கழுவி, புதுச் சட்டை மாற்றிக்கொண்டு வரப் போனார்.

அதற்குள் முதலாளியம்மா நஞ்சம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். ஓடுகிற மிஷினுக்குப் பொட்டு வைக்கக்கூடாது என்பது கம்பெனி வழக்கம். தையல் மிஷின்களை எல்லாம் நிறுத்திப் பொட்டு வைத்தவர், கம்ப்யூட்டரையும் சுவிட்சில் அணைத்துவிட்டு, திரையின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நான் பூசணிக்காய் வாங்கி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. புதுச் சட்டையோடு வந்த மயில்சாமி அணைந்த திரைமுன் நின்றார்; காலையில் நிரப்பியதெல்லாம் போயிருந்தது.

"இன்னிக்கு இனித் தொடக்கூடாதுங்க. நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றார் அந்த அம்மா.

"லாரி வாசல்ல நிக்குது. போடுங்க மயில்சாமி" என்றார் முதலாளி.

எனக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் அன்றோடு வேலை போயிருக்கும். மயில்சாமி ரிசீவரை எடுத்து, மூலனூரில் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு போன் போட்டார். அங்கேயும் ஆயுத பூஜை, எடுக்க ஆளில்லை. லைனைப் போட்டுப் புரோகிராமை மறுபடி வரவழைத்து, முதல் பெட்டியிலிருந்து தொடங்கினார். கழுத்தோரம் புதுச் சட்டை நனைந்துகொண்டே இருந்தது. திரையில் பொட்டு மறைத்த இடத்தைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தார். துடைக்க மனசு வரவில்லை.

ஒருவழியாக அனுப்பி, ஜெர்மனியிலிருந்து சரி என்று பதில் வந்தபோது வெயில் இறங்கிவிட்டது. லைனைக் கட் செய்தார். அடுத்த நிமிஷமே போன் அடித்தது. செல்வநாயகி. அவள் அழுதுகொண்டே பேசியது என் மேசை வரைக்கும் கேட்டது.

"பஸ் ஸ்டாண்டு பூத்துல இருந்து அடிச்சுட்டே இருந்தமுங்கப்பா. எங்கேஜ்டு, எங்கேஜ்டுன்னே வந்துச்சு. நீங்க வர்றீங்கன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சாப் பொழுது எறங்கற வரைக்கும் இருக்கறம்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சொன்னாங்க. எதும் தெரியலீங்களே... மாமா தட்டு மாத்தீட்டாருங்க."

"நல்லதாப் போச்சு கண்ணு. அழுவாத. அம்மா சாப்புட்டாளா?"

போனை வைத்தார். லைன் நாள் முழுக்கப் போட்டபடியே இருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபத்தில் கேட்டே விட்டேன்: "வந்து சேர்ந்ததும் எப்பவும் கட் பண்ணுவீங்களே, இன்னிக்கு ஏனுங்க பண்ணலை?"

"காத்தால ஒருக்காப் போயிருச்சுங்களா... கட் பண்ணுனா மறுக்காவும் போயிருமோன்னு பயந்துட்டனுங்க" என்றார். சட்டைப் பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்துத் திரையில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்தார். "வந்து சேந்ததுக்கப்பறம் லைனு எதுக்குங்க? அது இங்கதான ஓடிட்டிருந்துச்சு."