மொட்டை மாடியில் இல்லாதவள்

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களையும், மிக்ஸி, கீசர் வாங்கினால் கூடவே வரும் கையேடுகளையும் தமிழில் மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. வீட்டிலிருந்தே செய்கிறேன். ஒரு நாளைக்குப் பத்து முறையாவது 'முன்னெச்சரிக்கை' என்று தட்டச்சு செய்வேன். ஆனால் எனக்குள் இருந்தது அம்மாவின் சொல். திருநெல்வேலியிலிருந்து என்னைச் சென்னைக்கு ரயிலேற்றியபோது, "சூதானமா இருந்துக்கோ" என்றாள். கண்ணைத் திறந்து வைத்துக்கொள் என்பதுதான் அதற்கு அர்த்தம். நான் கதவையும் சாத்தி வைத்துக்கொண்டேன்.

அப்போது அடையாற்றில், ஆற்றுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு பழைய குடியிருப்பின் தரைத்தளத்தில் தனியாக இருந்தேன். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அவரும் தனிதான், மகன் பெங்களூரில். எங்கள் இருவர் வீட்டிலும் வேலை செய்த பெண் ஆற்றோரக் குடிசைப் பகுதியிலிருந்து வருவாள். ஆறு வருடம் எதிரெதிர் வீட்டில் இருந்தும் டீச்சரும் நானும் வாசலில் நின்றுதான் பேசியிருக்கிறோம். ஒருமுறை வெண்பொங்கல் கொடுத்தார். கிண்ணத்தைக் கழுவித் துடைத்து அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வெறும் கிண்ணத்தைக் கொடுக்கக் கூடாது என்பதற்காக நாலு வாழைப்பழம் வைத்துக் கொடுத்தேன். கொடுக்கல் வாங்கல் அதோடு முடிந்தது.

அந்த வருடம் மழை விடவே இல்லை. ஏரியைத் திறந்து ஆற்றில் விடப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் நான் காரியத்தில் இறங்கினேன். புத்தகங்கள், சான்றிதழ்கள், கம்ப்யூட்டர் எல்லாம் பரணுக்குப் போயின. ஃப்ரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்ற வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். மெயின் ஸ்விட்சை அணைத்து, ஒரு பையோடு கோபாலபுரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போக ஆட்டோ சொல்லிவிட்டு, டீச்சர் வீட்டு மணியை அடித்தேன்.

கையில் செய்தித்தாளோடு வந்தார். நான் கிளம்புவதைச் சொல்லி, வருகிறீர்களா என்று கேட்டேன்.

"நம்ம தெருவுக்குத் தண்ணி வந்ததே இல்லை. நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

சரி என்று சொல்லித் திரும்பிவிட்டேன். ஆட்டோவில் என் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். வயதில் மூத்தவர், ஒரு முடிவு சொல்லிவிட்டார், வற்புறுத்துவது மரியாதையில்லை என்று நினைத்தேன். வந்துவிட்டால் அண்ணன் வீட்டில் அவரை எங்கே படுக்க வைப்பது என்றும் நினைத்தேன். இரண்டாவதுதான் முதலில் தோன்றியது.

அன்று இரவே தண்ணீர் வந்துவிட்டது. மூன்று நாள் எந்த ஃபோனும் போகவில்லை. கோபாலபுரத்தில் தெரு ஈரமாக இருந்ததே தவிர வேறொன்றும் இல்லை. அண்ணி சூடாக ரசம் வைத்தாள். "விவரமா முன்னாடியே வந்துட்டாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிச் சொன்னாள். இரண்டாம் நாள் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு அடையாற்றுக்குப் போனார்கள். வண்டியில் ஒரு இடம் இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டார்கள். நீச்சல் தெரியாத நான் போய் என்ன செய்வது, இன்னொரு சுமையாகத்தான் இருப்பேன் என்று சொன்னேன். நியாயமான பதில்தான். அன்று முழுக்க ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் நாள் போனேன். சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. செங்கல் மேல் ஏற்றிய ஃப்ரிட்ஜ் குப்புறக் கிடந்தது. பரணில் வைத்தது ஒன்றுகூட நனையவில்லை. டீச்சர் வீட்டில் எதுவுமே மிஞ்சவில்லை. ஆனால் அவர் இருந்தார். மொட்டை மாடியில், யாருடைய நைட்டியையோ போட்டுக்கொண்டு, வேலைக்கு வரும் பெண்ணின் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

நடந்ததை டீச்சரும் வேலைக்கு வரும் பெண்ணும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். குடிசைகள் மூழ்கியதும் அந்தப் பெண் குடும்பத்தோடும் அக்கம்பக்கத்தாரோடும் எங்கள் கட்டடத்துக்கு ஓடிவந்திருக்கிறாள். இடுப்பளவு தண்ணீரில் அவள் புருஷன்தான் டீச்சரைத் தோளில் தூக்கி மாடியேற்றியிருக்கிறான். நாற்பது பேர், மூன்று நாள். மாடி வீட்டுக்காரர்கள் கொடுத்த அரிசியில் ஒரே குண்டானில் கஞ்சி. சொல்லும்போது நடுவில் எதற்கோ இருவரும் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. யாரும் விளக்கவில்லை.

கீழே இறங்கும்போது டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் நாங்கள் தொட்டுக்கொண்டதே இல்லை. நான் மன்னிப்புக் கேட்பது போல ஏதோ சொன்னேன்.

"நீங்க செஞ்சதுதான் விவேகம். நான் அசட்டுத்தனமா உக்காந்துட்டேன்" என்றார். இரண்டு படி இறங்கிய பிறகு, "இன்னொரு வாட்டி கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்னு நினைக்கிறேன்" என்றார். குற்றம் சொல்லவில்லை. கணக்கில் விடுபட்ட ஒரு படியைக் காட்டுகிற குரல்.

ஒரு மாதத்தில் மகன் வந்து அவரைப் பெங்களூருக்கு அழைத்துப் போனார். குடிசைகளை எடுத்துவிட்டு அங்கிருந்தவர்களுக்குப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வேலைக்கு வர முடியவில்லை என்று அந்தப் பெண் நின்றுகொண்டாள். நான் மயிலாப்பூரில் இரண்டாவது மாடியாகப் பார்த்துக் குடிபோனேன். எதிர்வீட்டுக் கதவு பெரும்பாலும் பூட்டியே இருக்கும்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, வேலை செய்த அந்தப் பெண்ணிடம் ஃபோனில் வழி கேட்டுக்கொண்டு பெரும்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன். ஒரே மாதிரி கட்டடங்களுக்கு நடுவே அவளே எதிரே வந்து கூட்டிப்போனாள். டீச்சர் மாதம் ஒருமுறை ஃபோன் செய்வாராம். எனக்கு ஒருமுறையும் செய்ததில்லை, நானும் செய்ததில்லை.

நான் வந்திருப்பது தெரிந்து பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். இருவரும் அந்த மாடியில் இருந்தவர்கள். பேச்சு தானாக அங்கே போனது. அதில் ஒருத்தி என்னைக் கூர்ந்து பார்த்து, "உன்ன நான் அங்க பாத்த மாறியே இல்லியே. நீ எங்க இருந்தக்கா?" என்று கேட்டாள்.

என்னைக் கூட்டி வந்தவள் முந்திக்கொண்டு சொன்னாள்: "அக்கா செம உஷாரு. தண்ணி வர்றதுக்கு முன்னாடியே கெளம்பிப் போய்ட்ச்சு."

அவள் குரலில் பெருமைதான் இருந்தது. கேட்ட பெண்ணும் மதிப்போடு தலையாட்டினாள். பிறகு மூவரும் குண்டான் கஞ்சியில் யார் உப்பை இரண்டு தடவை போட்டது என்று வாதாடத் தொடங்கினார்கள். நான் டீயைக் குடித்து முடித்து, டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.