பாதி வழியில் நின்ற எஞ்சின்

எங்கள் சொந்தத்தில் என்ன கெட்டது நடந்தாலும் அதற்கு ஒரு காரணம் தயாராக இருந்தது. என் தங்கையின் மாமனாருக்குக் கை கால் இழுத்துக்கொண்டதா, நான் கட்டிய எஞ்சின். அவளுக்கு முதல் பிள்ளை தங்கவில்லையா, நான் கட்டிய எஞ்சின். அவர்கள் வீட்டுச் சினை ஆடு வாய்க்காலில் விழுந்து செத்ததற்குக்கூட அங்கே ஒரு கிழவி என் காரைத்தான் சொன்னாளாம். ஆட்டுக்கும் பிஸ்டனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம்தான். கேட்டு என்ன ஆகப்போகிறது? கல்யாணக் கார், எங்கள் பேச்சில் காடி, பாதி வழியில் நின்றது, நின்ற காடி என்னுடையது. அதற்கு மேல் யாரும் யோசிக்கத் தயாராக இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசி. கம்பெனிக்காரர்கள் ரப்பர் தோட்டத்தை விற்று, நாங்கள் குடியிருந்த லயத்தை இடித்து, எங்களை வெளியே அனுப்பிய பிறகு சிலிபினில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு மார்பிள் ஃபாக்டரியில் ஸ்டோர் பார்த்தேன். தங்கை ஜெலாப்பாங்கில் ஒரு சட்டை ஃபாக்டரியில் காலர் தைத்தாள். எனக்குக் கார் தேவையே இல்லை, பஸ் இருந்தது. ஆனாலும் ஓய்வு பெற்ற ஒரு வாத்தியாரிடமிருந்து ஒரு பழைய இங்கிலீஷ் காரை வாங்கினேன். ஸ்டார்ட் செய்தால் கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரி தெருவையே மறைக்கும். அதனால்தான் எனக்கு அது கட்டுப்படியானது. அந்த எஞ்சினை முழுசாகப் பிரித்து, என் கையாலேயே திரும்பக் கட்டி ஓட்ட வேண்டும். அது ஆசை. அதற்கு வேறு பெயர் சொல்லி யாரையும் ஏமாற்ற நான் தயாரில்லை.

வாசலில் மூன்று கட்டைகளைக் கூட்டி நிறுத்தி, சங்கிலிக் கப்பி போட்டு எஞ்சினைத் தூக்கி எடுத்தேன். போகிறவன் வருகிறவனெல்லாம் நின்று புத்தி சொன்னான். மெக்கானிக் ஷாப்புக்குக் கொடுக்க வக்கில்லாதவன் என்று ஒருவன், பழைய இரும்புக்காரனுக்குப் போடலாம் என்று இன்னொருவன். வாசலில் வைத்த இந்தப் பிணத்தை எப்போது எடுப்பாய் என்று அம்மா தினமும் கேட்டாள். சிலிண்டரைக் கடைவதற்கு மட்டும் பிளாக்கை ஜெலாப்பாங்கில் ஒரு சீனர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மற்றதெல்லாம் வீட்டில்தான், பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு.

எனக்கு ஒத்தாசைக்கு வந்த ஒரே ஆள் தங்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளாகவே வந்து உட்காருவாள். வால்வுகளுக்கு அரைக்கும் பசை தடவி, குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மோர் கடைகிற மாதிரி உருட்ட வேண்டும். மணிக்கணக்காகும், கை போய்விடும். எட்டு வருஷம் தோட்டத்தில் ரப்பர் பாலுக்குக் கித்தா மரம் சீவிய கை அவளுடையது, சளைக்கவே சளைக்காது. வால்வின் விளிம்பில் ஒரே சீராகச் சாம்பல் நிற வளையம் விழும்வரை விடமாட்டாள். பிஸ்டன்களைச் சூடாக்கினால்தான் குறுக்கே போகும் இரும்பு ஆணி உள்ளே இறங்கும் என்று நான் சொன்னபோது, அம்மாவின் இட்லிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவளும் அவள்தான். நாலு பிஸ்டனையும் வெந்நீரில் போட்டு வேகவைத்தோம். அம்மா அந்தச் சட்டியை அதற்குப் பிறகு தொடவில்லை. அந்த வாரம் முழுக்க நானும் தங்கையும் வாங்காத திட்டில்லை, ஆனால் சிரித்துக்கொண்டுதான் வாங்கினோம்.

எஞ்சின் முதல் தடவை ஓடியபோது சாவியைத் திருப்பியது அவள். நான் முன்னால் குனிந்து காதைக் கொடுத்திருந்தேன். புகை இல்லை. தையல் மெஷின் மாதிரி ஓடியது. ‘சிவப்பு லைட் அணைஞ்சிருச்சுண்ணே, ஆயில் ஏறிருச்சு’ என்று உள்ளேயிருந்து சொன்னாள். என் வாழ்க்கையில் நான் பெருமைப்பட்ட நாள் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன், வேறு நாள் எனக்குக் கிடைக்கவும் இல்லை.

புதிதாகக் கட்டிய எஞ்சினை உடனே விரட்டக்கூடாது. உள்ளே எல்லாம் இறுக்கமாக இருக்கும். புதுச் செருப்பு காலுக்குப் பழகுகிற மாதிரி அது பழக வேண்டும். ஆயிரம் மைலுக்கு மெதுவாக, பாரம் ஏற்றாமல் ஓட்டச் சொன்னார் பட்டறை முதலாளி தவுக்கே. அதில் பாதிகூட ஓட்டவில்லை, தங்கைக்குக் கல்யாணம் குதிர்ந்துவிட்டது. மாப்பிள்ளை சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் குடும்பம். வெற்றிலை பாக்கு மாற்றிய அன்று மாப்பிள்ளையின் பெரியப்பா, பெண் வீட்டிலேயே காடி இருக்கும்போது வாடகைக்கு வேறு எதற்கு என்றார். அப்பா என் முகத்தைப் பார்க்காமலே சரி என்று தலையாட்டிவிட்டார். எங்கள் பரம்பரையில் முதல் கார் அது. அதில் பெண் போனால் அவருக்குத்தானே கௌரவம். எஞ்சின் இன்னும் பழகவில்லை என்று நான் வீட்டுக்கு வந்து சொன்னபோது, தங்கச்சிக்குக் காடி கொடுக்க மனசு வரவில்லையா என்று கேட்டார்.

சரி, நானே ஓட்டுகிறேன் என்றேன். அதுவும் கூடாதாம். மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் போடுகிற கை, அன்றைக்கே அவனுக்கு டிரைவர் வேலை பார்ப்பதா என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்களே மறித்தார்கள். நான் சீர்ச் சாமான்களோடு பின்னால் வேனில் வந்தால் போதும் என்று முடிவாகிவிட்டது. மாப்பிள்ளையின் அக்காள் புருஷன் ஓட்டுவதாக ஏற்பாடு. காட்டிலிருந்து மரம் ஏற்றும் லோரி டிரைவர் அவர். கோயில் வாசலில் அவரைத் தனியாக அழைத்து, மணிக்கு நாற்பது மைலுக்கு மேல் போக வேண்டாம், ஆயில் லைட் சிவப்பாக எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

“தம்பி, பாலாக் மரம் ஏத்தி மலையிலேர்ந்து எறக்குறவன் நான். இது பொம்மைக் காடிலா” என்றார். தோளில் ஒரு தட்டும் தட்டினார்.

முன்னால் அவரும் அவர் மனைவியும் மடியில் ஒரு பிள்ளையும். பின்னால் மாப்பிள்ளை, தங்கை, மாப்பிள்ளையின் அத்தை, அத்தைக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு பிள்ளை. பின்பெட்டியில் பித்தளை அண்டா. ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் புகுந்த வீட்டுக்குள் பெண் கால் வைக்க வேண்டும். விருந்து தாமதமாகிவிட்டது. அவர் எப்படிப் பறந்திருப்பார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் வேனில் போனபோது செம்மோர் தாண்டி, இரண்டு பக்கமும் கித்தா மரம் நிற்கிற இடத்தில் என் கார் ஓரமாக நின்றது. முன்மூடி திறந்திருந்தது. பூமாலை இன்னும் அதில் தொங்கியது. ஆள் யாரும் இல்லை. அந்த வழியாகச் சந்தைக்குக் கோஸ் ஏற்றிப்போன ஒரு சீனரின் லோரி பொண்ணு மாப்பிள்ளையைக் கொண்டுபோய் விட்டதாம். தங்கை முகூர்த்தப் புடவையோடு கோஸ் லோரியிலிருந்து இறங்கியபோது ராகு காலம் பிறந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஆரத்தித் தட்டோடு நின்ற மாமியார் அழுதுவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் எஞ்சினை மறுபடி இறக்கிப் பிரித்தேன். அடியில் ஆயில் அளவாக இருந்தது, ஒரு சொட்டுக் குறையவில்லை. கிராங்க் சுற்றும் இடம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. பேரிங்கெல்லாம் உருகி இழுபட்டிருந்தன. ஆயில் கொதித்து நீர்த்துப்போய் அழுத்தம் விழுந்திருக்கிறது, அதற்குப் பிறகும் மைல் கணக்கில் மிதித்திருக்கிறார்கள். குருடனுக்கும் தெரியும். உருகிய பேரிங் ஒன்றைப் பேப்பரில் சுற்றி மாப்பிள்ளை வீட்டில் வைத்த விருந்துக்குக் கொண்டுபோனேன். பெரியவர்கள் முன்னால் பிரித்து வைத்து விளக்கினேன். சாப்பிடுகிற இடத்தில் என்ன இரும்பு, எடுத்து உள்ளே வை என்றார் அப்பா.

லோரிக்காரர் ஒரே பேச்சில் நின்றார். லைட் எரியவே இல்லையாம். ஆயில் லைட்டையே ஒழுங்காகப் பூட்டத் தெரியாதவன் எஞ்சினை எப்படிப் பூட்டியிருப்பான் என்று சபையில் கேட்டார். மாப்பிள்ளையும் வாயைத் திறந்தான்.

“நானும் பாத்துக்கிட்டுத்தான் வந்தேன் மச்சான். ஒண்ணும் எரியல.”

தங்கை அப்போது இலை போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவை வாசலுக்கு இழுத்துப்போய், கழற்றிக் கிடந்த லைட் வயரைக் காரின் இரும்பில் தொட வைத்து, சாவியைத் திருப்பி லைட் எரிவதைக் காட்டினேன். இன்றைக்கு எரிகிறது, அன்றைக்கு எரிந்ததை யார் கண்டது என்றார். வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசாத மனுஷர், மகனிடம் மட்டும் வக்கீல் மாதிரி பேசினார்.

எஞ்சினைத் திரும்பவும் கட்டினேன். இந்தத் தடவை வால்வு உருட்ட ஆள் இல்லை. ஆயிரம் மைலும் நானே மெதுவாக ஓட்டிப் பழக்கினேன். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அது வழியில் நிற்கவில்லை. தினமும் சிலிபினிலிருந்து சிம்பாங் பூலாய்க்குப் போய் வந்தது. என்ன பிரயோஜனம்? சொந்தத்தில் ஒருத்தர் ஏறமாட்டார்கள். மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நிற்பார்கள், நான் நிறுத்தினால் பக்கத்தில்தான் போகிறேன் என்பார்கள். எனக்குப் பெண் பார்த்த இடத்தில்கூட, அந்தக் காடிக்காரப் பையன்தானே என்று கேட்டு இழுத்தடித்தார்கள். என் தங்கை புருஷனோ தன் மனைவி அந்தக் காரில் கால் வைக்கவே கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டான். எனக்கு அந்த வீட்டுப் பெயரைக் கேட்டாலே உடம்பெல்லாம் எரியும். ஒரே ஒரு ஆள், அன்றைக்கு அந்தக் காருக்குள் இருந்த யாராவது ஒரு ஆள், லைட் எரிந்தது என்று அப்பா காதுபடச் சொன்னால் போதும் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

எண்பதுகளின் நடுவில், பெரியம்மா மகளின் நிச்சயத்துக்குத் தங்கை தனியாக வந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். கேட்டதற்குத் தோட்டத்தில் வேலை ஜாஸ்தி என்றாள். மத்தியானம் கிளம்பும்போது வாசலில் என் காரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பஸ் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விடு என்றாள். உன் புருஷன் திட்டமாட்டானா என்றேன். அவருக்கு யார் சொல்லப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடிப்பதற்கு முன்னால் எப்போதும்போல ஆயில் லைட் எரிந்தது.

“அன்னிக்கும் இது எரிஞ்சிச்சுண்ணே.”

என் கை சாவியிலேயே நின்றுவிட்டது. எப்போது என்று கேட்டேன்.

“செம்மோர் வர்றப்பவே. நடுவுல உக்காந்திருந்தேன், எனக்கு நல்லா தெரிஞ்சிச்சு. லைட்டு எரியுது, நிப்பாட்டச் சொல்லுங்கன்னு அவரு காதுலதான் சொன்னேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“பொத்திக்கிட்டு வான்னாரு.” அவள் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தாலி கட்டுனப்பறம் அவரு என்கிட்ட பேசுன மொத பேச்சு அதாண்ணே.”

அப்போதே சபையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் வந்த அன்றைக்கே புருஷனைக் காட்டிக் கொடுத்தவள் என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள், அப்பா தாங்கமாட்டார் என்றாள். உனக்குக் கெட்ட பேரு வந்தாலும் நீ ஆம்பள, சமாளிச்சிக்குவன்னு நெனச்சேன் என்றாள். பிறகு முழங்கைக்கு மேல் ஏறியிருந்த ரவிக்கைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அங்கே கன்றிப்போன ஒரு அடித்தடம் இருந்ததை நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

இத்தனை வருஷம் நான் கேட்டுக்கொண்டிருந்த சாட்சி கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு யாரிடம் போவது? அப்பாவிடம் சொன்னால் என் எஞ்சின் நல்ல எஞ்சின் என்று ஆகும். அவளுக்கு என்ன ஆகும்? இறங்கு, போக வேண்டாம், இங்கேயே இரு என்று சொல்ல வாய் வரை வந்தது. பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், இருட்டுவதற்குள் போகணும், எடுண்ணே என்றாள்.

எடுத்தேன். எஞ்சின் ஒரு சத்தம் போடாமல் ஓடியது. சுங்கை சிப்புட் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, அந்த வீட்டுக்கே திரும்பவும் ஏற்றி அனுப்பிவிட்டு வந்தேன்.