புவனேஸ்வரி ஆன்டியின் மருதாணித் தேர்தல்

வியாழக்கிழமை பந்திங் ஊரில் மாமா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது கைப்பேசி அடித்தது. திரையில் புவனேஸ்வரி ஆன்டியின் பெயர். ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த எங்கள் அடுக்குமாடி ஓட்டெடுப்பை நினைவுபடுத்தத்தான் என்று நினைத்து, எடுத்ததுமே "வரேன் ஆன்டி, மறக்கல" என்றேன். பேசியது அவர் மகள் கலா. "அண்ணே, அம்மா போயிட்டாங்க" என்றாள். காலையில் காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். இலையை மூடிவிட்டு கோலாலம்பூருக்கு, எங்கள் பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பினேன்.

ஆன்டியின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு ரயில்வே கிளார்க்காக வந்தவர். ஆன்டி தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அந்த வேலை அவரை விட்டு அகலவே இல்லை. எல்லாரும் வாட்ஸ்அப்பில் செய்தி போடும் காலத்தில் அவர் மட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுவார். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், "மெசேஜ் போட்டா கட்டைவிரல் படம் போட்டுட்டுப் படுத்துடுவான். போன் போட்டாத்தான் வருவான் லா" என்பார். என் விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு உண்மை.

எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு திடல் இருக்கிறது. மாலையில் பிள்ளைகள் பந்து விளையாடும், தீபாவளிக்கும் ஹரி ராயா பெருநாளுக்கும் கூடாரம் போடும் இடம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் அங்கே கார் நிறுத்தும் கட்டடம் கட்ட விண்ணப்பித்தது. அறிவிப்புப் பலகையைப் பார்த்ததும் நாலைந்து பேர் கிளம்பி மாநகர அலுவலக அதிகாரியைப் பார்க்கப் போனோம். பொறுமையாகக் கேட்ட அவர், "நீங்க எத்தனை பேருக்காகப் பேசறீங்க?" என்றார். ஆன்டி அசராமல், "நியாயமான கேள்வி. கேட்டுட்டு வரோம்" என்று எழுந்துவிட்டார்.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு மேயரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு கிடையாது; மேயர் நியமிக்கப்படுகிறவர். நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டால் நம் வேலை முடிந்தது. அப்படியிருக்க, கட்டடம் வேண்டுமா வேண்டாமா என்று நாமே ஓட்டெடுப்பு நடத்தினால் யார் மதிப்பார்கள் என்று நான்கூடச் சலித்துக்கொண்டேன். ஆன்டி விடவில்லை. "ஒருநாள் அந்த ஓட்டும் நமக்கு வரும். அன்னைக்கு எப்படிப் போடறதுன்னு தெரியாம முழிக்கக்கூடாது. இப்பவே பழகு" என்றார்.

ஒரே ஆள் இரண்டு முறை போட்டுவிடக் கூடாதே என்று விரலில் அடையாளம் வைக்க முடிவானது. தேர்தல் மைக்கு எங்கே போவது? ஆன்டி தன் பால்கனித் தொட்டியில் வளர்த்த மருதாணியைப் பறித்து அரைத்துக் கொண்டுவந்துவிட்டார். ஆண்கள் நெளிந்தார்கள். மூன்றாம் மாடி வோங் அங்கிள், "நான் என்ன கல்யாணப் பொண்ணா?" என்று மலாயில் அலறினார். அவருக்கு முன்னால் நின்ற ரோஹானா அக்கா, எங்கள் மலாய்க் கல்யாணத்தில் மாப்பிள்ளையும்தான் வைத்துக்கொள்வார் என்று அவர் கையைப் பிடித்து நீட்டிவிட்டார்.

ஆனால் ஆன்டி ஒன்றை யோசிக்கவில்லை. மை உடனே காயும், மருதாணி காயாது. சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடலாம் என்று வந்தவர்களெல்லாம் விரலை நீட்டிக்கொண்டு அரை மணி நேரம் திடலிலேயே உட்கார வேண்டியதாயிற்று. கைப்பேசியையும் சரியாகப் பிடிக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் பக்கத்தில் இருந்தவரிடம் பேசினார்கள். கூட்டம் போட்டால் காலி நாற்காலிகளைப் பார்த்தே பழகிய எனக்கு அது திருவிழாவாக இருந்தது. லிப்ட், சாக்கடை, தெருவிளக்கு என்று எல்லாம் அன்றுதான் வெளியே வந்தன. மறுவாரம் முழுக்க அலுவலகத்திலும் பாசாரில் காய்கறி வாங்கும்போதும் "விரல்ல என்ன?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் திடல் கதையைச் சொன்னோம். கட்டட விண்ணப்பத்தின் மேல் மாநகர அலுவலகம் நடத்திய விசாரணை நாளில் அறை கொள்ளாத கூட்டம். எல்லார் விரலும் சிவப்பு. அதே அதிகாரி பார்த்துச் சிரித்துவிட்டார். திட்டம் கைவிடப்பட்டது.

திடல் பிழைத்ததும் ஆர்வம் குறையத் தொடங்கியது. ஆன்டிக்கு அதுதான் பெரிய கவலை. எங்களுக்காக மாநகர அலுவலகத்தில் பேசப் போகும் ஆளை ஆண்டுதோறும் ஓட்டுப் போட்டே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வழக்கமாக்கினார். போன ஆண்டு வந்தவர்கள் குறைவு. "இந்த வருஷம் நாற்காலி பத்தாமப் போகணும்" என்று சொல்லிச் சொல்லியே போன் போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஓட்டெடுப்புக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் போய்விட்டார்.

தகனம் முடிந்த அன்று ஓட்டெடுப்பைத் தள்ளிவைப்பது பற்றிப் பேச்சு வந்தது. துக்க வீட்டுக்குப் பக்கத்தில் மருதாணியா என்று உறவினர் ஒருவர் முகம் சுளித்தார். அவர் கேட்டதில் தப்பில்லை. எங்களுக்கும் அந்தச் சங்கடம்தான். கலா அழுத கண்ணோடு பேசினாள். "இலை நல்லாச் சிவக்குதான்னு பார்க்க அம்மா புதன்கிழமையே அவங்க விரல்ல வெச்சுப் பார்த்தாங்க. இன்னைக்கு அந்தச் சிவப்போடதான் அவங்களை அனுப்பினோம். அவங்க போட்டாச்சு, அண்ணே. நாமதான் பாக்கி."

ஞாயிற்றுக்கிழமை முதல் விரலை நீட்டியவள் கலா. இலையை அரைத்தது ரோஹானா அக்கா. வோங் அங்கிள் நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தார். அதுவும் போதாமல் பாதிப் பேர் புல்லில் உட்கார்ந்தார்கள். விரல் காயும்வரை ஆன்டியைப் பற்றியே பேசினோம், நிறையச் சிரித்தோம். அவருக்குப் பிடித்த கூட்டம் அது, அவர் இல்லாமல் நடந்தது.

இதை எழுதும் என் விரலில் சிவப்பு இன்னும் இருக்கிறது. கொஞ்ச நாளில் மங்கிவிடும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது போன் போடும் வேலையை. கிள்ளானுக்கும் சாலாக் செலாத்தானுக்கும் குடிபோன பின்னும் ஓட்டை இங்கேயே வைத்திருப்பவர்களே, ஆன்டி உங்களை ஒரு பொதுத்தேர்தலிலும் விட்டதில்லை, நானும் விடப்போவதில்லை. நகரத்துக்கான ஓட்டு வரும் நாளிலும் உங்கள் போன் அடிக்கும். எடுத்ததுமே சொல்லிவிடுங்கள்: "வரேன், மறக்கல."