“வந்துச்சா அண்ணே?” என்று கேட்ட தனசேகர்

“அண்ணன் போயிடுச்சிங்க” என்று போன வாரம் பேத்தமங்களாவிலிருந்து தனசேகரின் தங்கை போனில் சொன்னாள். ஈரேழு பதினான்கு லோகத்துக்கும் சேர்த்து வாயடிக்கும் நான், “எப்பம்மா?” என்று மட்டும் கேட்டேன்.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ரயிலேறி பெங்களூர் போய்வந்த நம் கூட்டத்துக்கு அவனைத் தெரியும். ஒரு பல்கலைக்கழகத்தின் மெயில் சர்வர்களைக் கட்டி மேய்த்தவன். நான் ஓய்வுபெற்று அந்த ரயிலை விட்ட அன்று ரயில்வேயே கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டிருக்க வேண்டும். வருத்தப்பட்டவன் அவன் ஒருவன்தான். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து கேஜ் என்ற கூண்டு லிப்டில் ஏறி வந்தவர்கள், வீட்டு வாசலில் “மேல வந்துட்டேன்” என்று குரல் கொடுப்பார்கள் அல்லவா? அன்றிலிருந்து தினமும் ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் அதையே எனக்கு மெயிலில் அனுப்புவான். தனிக்கட்டையான எனக்கு வேறு யார் எழுதுகிறார்கள்?

ஒரு நாள் மெயில் வரவில்லை, போன் வந்தது.

“இன்னாண்ணே, வந்துச்சா?”

“வரலியே.”

‘உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது’ என்ற போலி மெயிலை நம்பி ஒரு பேராசிரியர் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார். அவர் கணக்கிலிருந்து பூலோகம் முழுமைக்கும் லாட்டரிப் பரிசு அறிவிப்பு பறந்திருக்கிறது. மெயில் நிறுவனங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வர்களையே தடுத்துவிட்டன.

“சுரங்கத்துல ஒரு லெவல்ல விஷவாயு வந்தா, இறங்குற ஷாப்ட்டையே மூடுவாங்க இல்ல, அதாண்ணே” என்றான்.

அது மாணவர்களுக்குச் சேர்க்கைக் கடிதம் போகவேண்டிய வாரம். கிடைக்காதவர்களுக்கு இடம் போய்விடும். நிறுவனங்களுக்கு மனுமேல் மனு போட்டுக்கொண்டே, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பிள்ளைகளுக்குப் போன் போட்டான். அந்தப் பேராசிரியர் யாரென்று கேட்டேன்.

“உங்களுக்கு இன்னாத்துக்குண்ணே? நாளைக்கு உங்களுக்கும் அந்த மெயில் வரும். நீங்களும் குடுப்பீங்க.”

தடை நீங்கியதா என்று பார்க்க என் பெட்டிக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தான். ஒரு மத்தியானம் அவன் மெயில் ஸ்பாம் என்ற குப்பைப் பெட்டியில் கிடந்தது.

“நம்ம மெயில் சக்கரவர்த்தி குப்பையில கிடக்கிறாரு தம்பி” என்றேன்.

“குப்பைன்னாலும் உள்ள உட்டுட்டாங்க இல்ல? இனிமே பசங்களுக்கும் போயிடும்ணே.”

போய்ச் சேர்ந்தது. ஒரு பிள்ளைக்கும் இடம் தவறவில்லை.

அவனால் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. காலையில் காபியோடு ஸ்பாம் பெட்டியைத் திறக்கிறேன். எனக்குக் கோடிகளைத் தரத் துடிக்கும் பிரபுக்கள் யாவரும் எழுதியிருக்கிறார்கள். “மேல வந்துட்டேன்” என்று ஒன்று கிடக்கிறதா எனக் கடைசி மெயில்வரை தள்ளிப் பார்த்துவிட்டு மூடுகிறேன்.