கட்டுத்தரை வாசலில் வேப்பிலை

அந்த வேப்பிலையை நான் பொய்யாகத்தான் கட்டினேன். அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை, இனியும் படப்போவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் நான் வாக்கப்பட்ட ஊருக்குக் கோமாரி வந்தது. மாடுகள் வாயில் நுரை தள்ளிக்கொண்டு, குளம்புப் புண்ணோடு நொண்டின. ஊர் கூடி முடிவெடுத்தது: வெள்ளிக்கிழமை எல்லா மாட்டையும் மாரியம்மன் கோயிலுக்கு ஓட்டிவந்து தீர்த்தம் தெளிக்க வேண்டும். நோய் கண்டது, காணாதது எல்லாம் ஒன்றாக நின்று ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்குமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவிநாசிப் பக்கம் என் பிறந்த வீட்டில் இப்படித்தான் கோயிலுக்கு ஓட்டிப்போய் நோயை வாங்கிவந்தார்கள். பால் குடிக்கிற கன்று துடித்துச் செத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது எங்கள் கட்டுத்தரையில் நின்றது எனக்குச் சீராக வந்த மாடு. நிறைசினை வேறு.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மாமனார் அதை அவிழ்க்க வந்தார்.

"மாடு வராதுங்க மாமா."

"ஊரே ஓட்டிப்போட்டு நிக்குது அம்மணி. நம்மூடு மட்டும் போகலீன்னா நான் எப்படி வெளிய தலை காட்டறது?"

மாட்டு டாக்டர் தொண்டைத் தண்ணீர் வற்ற, "ஒண்ணா சேக்காதீங்க" என்று சொன்னதையே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் பேச்சா எடுபடும்? வேப்பங்கொத்தை ஒடித்துவந்து கட்டுத்தரை வாசலில் கட்டினேன். குழந்தைக்கு அம்மை போட்டால் அப்படித்தானே கட்டுகிறோம்? அந்த வீட்டுக்குள் அப்புறம் யாரும் நுழைவதில்லை. குழந்தையைக் கோயிலுக்குத் தூக்கிப்போவதும் இல்லை. மனுசருக்கு இருக்கிற இந்த நியாயம் மாட்டுக்கு மட்டும் ஏன் ஆகாது?

"ஆத்தா வந்திருக்கறாங்க மாமா. உள்ள வராதீங்க."

அவர் வேப்பிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொய் என்று தெரிந்திருக்கும். ஆனாலும் வாசலைத் தாண்டிக் கால் வைக்கவில்லை. அன்றிலிருந்து என்னைத் தவிர யாரையும் நான் மாட்டுப் பக்கம் அண்டவிடவில்லை.

கோயிலுக்குப் போய்வந்த மாடுகள் வரிசையாகப் படுத்தன. சினை மாடுகள் மாசம் நிறையும் முன்பே கன்று வீசின. என்னுடையது மட்டும் நல்லபடியாகக் கிடாரிக் கன்று ஈன்றது. ஊர் என்ன சொன்னது தெரியுமா? ஆத்தா பேரில் பொய் சொன்ன ஒருத்தியால்தான் இவ்வளவும் என்றது. நான் கோயிலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

போனேன். கையில் ஒரு சொம்பு சீம்பால் இருந்தது, வாயில் மன்னிப்பு இல்லை. பூசாரி வாங்கத் தயங்கினார்.

"ஆத்தா வேண்டாம்னு சொல்லட்டுங்க, திருப்பி எடுத்துட்டுப் போயர்றேன்," என்றேன்.

பூசாரி சொம்பை வாங்கிச் சாமி முன்னால் வைத்தார். அந்த மாதம் எங்கள் ஊரில் வேறு எந்த வீட்டிலும் சீம்பால் இல்லை.