இரண்டு ஓட்டைச் சாக்கு

சென்ற கிழமை எங்கள் கடைக்குப் பாஸ்மதி அரிசி சணல் சாக்கில் வந்து இறங்கியது. இப்போதெல்லாம் பளபளக்கும் பிளாஸ்டிக் பையில்தான் வரும். இது எந்தப் பழைய கிடங்கில் கிடந்ததோ. தையலைப் பிரித்ததும் அந்த வாசனை எழுந்தது: கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் தூசு, நனைந்து காய்ந்த துணி. சாக்கைப் போட்டுவிட்டு வெளியே தெருவில் போய் நின்றுவிட்டேன்.

"என்ன அண்ணை, உள்ளுக்குப் பாம்பே கிடந்தது?" என்று கூட வேலை செய்யும் சுகந்தி கேட்டாள்.

பாம்பாக இருந்திருந்தால் பரவாயில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பிரான்சில் இதே லா ஷப்பல் பகுதியில், இதே கடையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சனிக்கிழமை பின்னேரங்களில் பக்கத்து மாதா கோயிலின் நிலவறையில் எங்கள் பாடகர் குழு பயிற்சி செய்யும். நானும் ஒரு பாடகன் என்றுதான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். குழுவை நடத்திய ஜெசிந்தா அக்காவின் கருத்து வேறு. "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்," என்பார். ஆர்மோனியத்தைப் படியில் ஏற்றி இறக்க ஒரு ஆள் வேண்டுமே, அதற்காக என்னை வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பக்கத்து நாற்காலி மரியதாஸ் அண்ணையுடையது. ஐம்பது வயதிருக்கும். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். குழுவின் கீழ்க்குரல் அவர் ஒருவர்தான். அவர் அடித்தொண்டைக்கு இறங்கினால் என் நாற்காலியின் இரும்புக் கால் அதிரும். என் பெயர் அவருக்குத் தெரியும், ஆனாலும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். பயிற்சி முடிந்ததும் மெட்ரோ வாசலில் சுட்ட சோளம் ஒன்று வாங்கி, பாதியை முறித்து எனக்குத் தருவார். கொறித்துக்கொண்டே கார் து நோர் ரயில் நிலையம்வரை நடந்து ஒரே ரயிலில் ஏறுவோம். அவர் கார்ஜில் இறங்குவார், நான் அடுத்த நிறுத்தமான வில்லியே லே பெல்லில். இரண்டு வேலை செய்த அப்பாவை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே கண்டு வளர்ந்தவன் நான். அந்தப் பாதிச் சோளம் எனக்குப் பெரிய விஷயம்.

அந்த வருடம், இங்கே பிறந்த பிள்ளைகள் ஹலோவீன் வைக்க வேண்டும் என்று ஜெசிந்தா அக்காவை அரித்தெடுத்தார்கள். கோயிலுக்குள் பேய்க்கு என்ன வேலை என்று முறுகியவர் கடைசியில் இறங்கிவந்தார். "நாங்கள் பாடுற பாட்டிலை வாற வேசம் மட்டும்தான். சரியே?" ஒருவர் வேடத்தோடு உள்ளே வருவார், மற்றவர்கள் அடையாளம் கண்டு அந்தப் பாட்டைப் பாட வேண்டும். யாருக்குப் பாட்டு பலமாக எழுகிறதோ அவருக்குப் பரிசு.

குரல் இல்லாதவனுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு. விடுவேனா? நாங்கள் பாடும் அறுவடைப் பாட்டு ஒன்றில், வயல் நடுவே தலையாட்டி நிற்கும் வெருளி வரும். காகம் விரட்ட நிறுத்துவார்களே, அந்த வெருளி. அரிசிச் சாக்கைத் தலைகீழாக மாட்டி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டினால் வேலை முடிந்தது.

கடையில் வைத்து வெட்டிக்கொண்டிருந்தபோது முதலாளி கண்டார். முகம் கறுத்தது. "அதை அங்காலை கொண்டு போ," என்று மறுபக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு சாக்குக்கு மனுசன் இப்படி அழுகிறாரே என்று நினைத்தேன்.

குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்கு மாற்றிய கிழமை. ஆறு மணிக்கு முன்பே வெளியே இருண்டிருந்தது. நான் நிலவறைப் படியில் காத்து நின்றேன். உள்ளே வெள்ளித்தாள் சுற்றிய நிலா போனது, நிலாப் பாட்டு எழுந்தது. அட்டைத் தோணி போனது, தோணிப் பாட்டு எழுந்தது. என் முறை வந்ததும் சாக்கை மாட்டிக்கொண்டு போனேன்.

பாட்டு எழவில்லை.

ஓட்டைகளைக் கோணலாக வெட்டியிருந்தேன், முகங்கள் பாதி பாதியாகத்தான் தெரிந்தன. அடையாளம் பிடிபடவில்லைப்போலும் என்று தலையை ஆட்டினேன். சத்தமே இல்லை. வரிசையாக இருந்தவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, நேருக்கு நேர் பார்த்து, இன்னும் பலமாக ஆட்டினேன். பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது. சாக்குக்குள் என் மூச்சு மட்டும் கேட்டது. என்ன பிழை விட்டேன் என்று தெரியாமலே எனக்குப் பயம் வந்துவிட்டது.

மரியதாஸ் அண்ணையின் முன்னால் நின்று ஆட்டினேன். அவர் எழுந்தார். இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். நடந்துபோய்ச் சுவரோரம் தனியாக நின்றார்.

"கழட்டடா அதை!" என்று ஜெசிந்தா அக்கா கத்தினார்.

நான் இரண்டு வயதில் பிரான்சுக்கு வந்தவன். யுத்தகாலத்தில் ஊரில் சுற்றிவளைப்பு நடந்தால் ஆமி சனத்தை மைதானத்தில் வரிசையாக இருத்தி, தலையில் சாக்கு மூடிய ஒருவனை முன்னால் கொண்டுவரும் என்பதும், அவனுக்குத் தலையாட்டி என்று பெயர் என்பதும், அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவரைக் கொண்டுபோய்விடுவார்கள் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியவந்தன. வீட்டில் யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அன்று சோளம் வாங்கவில்லை. ரயிலில் அவருக்கு எதிரே இருந்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை," என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். சென் டெனி நிறுத்தம் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார்.

"அண்டைக்கு ஊரிலை நானும் என்ரை தம்பியும் பக்கத்திலை பக்கத்திலை இருந்தனாங்கள். அவன் எங்கடை பக்கம் பாத்துத் தலையாட்டினவன். ஆரைப் பாத்தெண்டு தெரியேல்லை. நான் எழும்பேல்லை. தம்பி எழும்பிப் போனவன்."

யன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைக் கையால் துடைத்தார்.

"இண்டைக்கு எழும்பினன். லேசாத்தான் கிடந்தது."

கார்ஜில் கதவு திறந்தது. "விளங்குதே?" என்று கேட்டார். தம்பி என்று சொல்லவில்லை. ஓம் என்று தலையாட்டப் போனேன்; கழுத்து அசையவில்லை. "ஓம் அண்ணை," என்று வாயால் சொன்னேன். இறங்கிப் போனார். அதன் பிறகு அவர் பாட வரவில்லை, நான் அவரைக் காணவும் இல்லை.

அறுவடைப் பாட்டை ஜெசிந்தா அக்கா பாட்டுக் கொப்பியிலிருந்து கிழித்துவிட்டார். கீழ்க்குரல் இல்லாமல் இரண்டு வருடம் இழுபட்டுக் குழுவும் கலைந்தது. மெட்ரோ வாசலில் சோளம் இன்னும் சுடுகிறார்கள். வாங்கினால் எனக்குப் பாதிக்குமேல் இறங்குவதில்லை.

கடைக்கு வருபவர்கள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் நான் உரத்து "ஓம், ஓம்" என்பேன். சுகந்திக்கு அது பகிடி. "தலையை ஒருக்கா ஆட்டினாப் போதாதே அண்ணை? கழுத்திலை சுளுக்கே?"

சுளுக்கு என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன்.